சாமி மிச்சம் போதை ஏறாது என்று சொன்னவர்களுக்கு

என் மகன் லாரிக்கு அடியில் கிடந்தான். அவன் சட்டையில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு ஆட்கள் என்னைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வாயெல்லாம் மண்ணும் ரத்தமும். எனக்கு எதிரே ஒருவன் வைக்கோலைப் பிரியாக முறுக்கித் தீக்குச்சி கிழித்தான். "கொளுத்துங்கடா வண்டியை" என்று ஊரே கத்தியது.

1953 ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, உச்சி சாய்ந்த நேரம். அன்றைக்கு நான் கூப்பிட்ட கூப்பாட்டுக்குக் கருப்பர் எப்படி வந்தார் என்பதைத்தான் எழுதுகிறேன். கருப்பரை நம்பினவர்களே, முக்கியமாக மீசை முளைக்கும் முன்னே ஸ்டியரிங் பிடிக்கத் துடிக்கும் பிள்ளைகளே, பொறுமையாக முழுவதும் படியுங்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் பேச்சுக்கு எடை இருக்காது. கீரனூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. படித்தவன் செய்யாததை எல்லாம் செய்திருக்கிறேன். சித்தன்னவாசல் பக்கம் பாறையில் கல் உடைத்தேன். உடைத்த காசில் மாட்டு வண்டி வாங்கினேன். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட லாரிகளை ஏலம் விட்டபோது, படித்த முதலாளிகள் "இது ஓடாது" என்று தள்ளிவிட்ட வண்டியை நான் எடுத்தேன். ஓட்டிக் காட்டினேன். மணமேல்குடியிலிருந்து கருவாடும் உப்பும் ஏற்றித் திருச்சிக்குப் போன முதல் லாரிகளில் என் லாரியும் ஒன்று. என் வண்டி வந்தால் வாடை முன்னால் வரும், வண்டி பின்னால் வரும் என்று கேலி பேசுவார்கள். பேசினவன் வீட்டுக் குழம்பிலும் என் கருவாடுதான் கொதித்தது.

எனக்குக் குடி கிடையாது. புகையிலை உண்டு, கோபம் உண்டு. கோபம் நிறையவே உண்டு. என் கையால் அடி வாங்காத கிளீனர் அந்தக் காலத்தில் குறைவு. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் அடி வாங்கினவன் எவனும் வண்டியைக் கவிழ்த்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆடியில் இரண்டாவது லாரி வாங்கினேன். அதுவும் பட்டாளத்து வண்டிதான், பெட்ரோல் குடிக்கும் பூதம். எங்கள் பக்கம் புது வண்டி வந்தால் கண்மாய்க்கரைக் கருப்பர் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் சக்கரம் உருளாது. கிடாய் வெட்டி, ரத்தத்தைத் தொட்டு நாலு சக்கரத்திலும் வைப்பார்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவார்கள். பிறகு பானையில் சாராயம் வைத்துப் படைப்பார்கள். சர்க்கார் சாராயக் கடைகளை மூடி ஐந்தாறு வருசம் ஆகியிருந்தது. மூடினால் என்ன? சைக்கிள் டியூபில் நிரப்பி, தோளில் மாட்டிக்கொண்டு, பஞ்சர் ஒட்டப் போகிறவன் மாதிரி வருவார்கள். கருப்பருக்கு என்றால் போலீஸ்காரர்கூட அங்கிட்டுத் திரும்பிக்கொள்வார்.

படையல் முடிந்ததும் பூசாரி அந்தப் பானையில் மொண்டு, வண்டியை முதலில் ஓட்டப்போகிறவனுக்குக் கொடுப்பார். அவன் குடித்தாக வேண்டும். மறுத்தால் சாமி குத்தம். இதில் ஒரு நம்பிக்கை உண்டு. சாமி குடித்த மிச்சத்தில் போதை இருக்காது, போதையை எல்லாம் கருப்பர் எடுத்துக்கொண்டுவிடுவார், மிச்சம் இருப்பது வெறும் தீர்த்தம் என்பது. எங்கள் அப்பன், பாட்டன் காலத்தில் இதை மாட்டு வண்டிக்காரன் குடித்தான். அவன் தூங்கிவிட்டாலும் மாடு வீடு வந்து சேர்ந்துவிடும். அதனால் அந்த நம்பிக்கையை எவனும் சோதித்துப் பார்த்ததில்லை. லாரிக்கு வீடு தெரியாது. இது எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

வண்டியை ஓட்டப்போகிறவன் என் மனைவியின் தம்பி ராசு. கெட்டிக்கார டிரைவர். என்னிடம் தொழில் கற்றவன் கெட்டிக்காரனாக இல்லாமல் எப்படி இருப்பான்? மற்ற நாளில் குடிக்கவே மாட்டான். அன்றைக்குப் பூசாரி ஒரு செம்பு கொடுத்தார். குடித்தான். சுற்றி நின்ற பையன்கள் கைதட்டினார்கள்.

"மாமா, ஒங்களுக்கு இப்ப ரெண்டு வண்டி, ஒரு செம்பு எப்புடிப் பத்தும்?" என்றான் ஒருவன் என்னிடம்.

"அதானே! பழைய வண்டிக்கும் சேத்துக் குடுங்க பூசாரி!"

பூசாரி சிரித்துக்கொண்டே இன்னொரு செம்பு மொண்டார். "சாமி மிச்சம்தாண்டா. நெஞ்சு கரிக்கும், தலைக்கு ஏறாது" என்றார்.

ராசுவின் மகன் சேகருக்குப் பதினாறு வயது. என் மகன் முத்துவுக்குப் பதினேழு. இருவருக்கும் வண்டி என்றால் உயிர். சேகர் தன் அப்பனின் தோளைத் தட்டி, "அய்யா, இன்னிக்குத் திருச்சி பஸ்ஸை விடக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றான். "விடுவேனாடா?" என்றான் ராசு. கண் சிவந்திருந்தது. கோயில் புகையில் சிவந்திருக்கிறது என்று நினைத்தோம்.

வண்டியில் ஏறினோம். ராசு ஸ்டியரிங்கில். நடுவில் முத்து. இடது பக்கக் கதவோரம் நான். பின்னால் சேகரும் ஊர்ப் பையன்கள் சிலரும். கண்மாய்க்கரை வழியாகப் போய் ரோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவதுதான் வழக்கம். அதற்குக் கன்னி ஓட்டம் என்று பெயர்.

கரைக்கு ஏறும்போதே, அதே கரை வழியாக வந்த திருச்சி பஸ் எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் பையன்கள் பலகையைத் தட்டிக் கத்தினார்கள். "விடாதீங்க! விடாதீங்க!" அதில் சேகரின் குரல்தான் எடுப்பாகக் கேட்டது.

ராசு மிதித்தான்.

"மாப்ள, மெதுவா" என்றேன்.

"கருப்பர் ஓட்டுறாரு அத்தான். நான் சும்மா புடிச்சிருக்கேன்" என்றான்.

சொல்லி முடிக்கவில்லை. எதிரே வைக்கோல் வண்டி. இரண்டு மாடு பூட்டியது. அந்த வண்டிக்காரர் ஓரம் ஒதுங்கிவிட்டார். முழுவதும் ஒதுங்கிவிட்டார். இதை ஆயிரம் பேர் முன்னாலும் சொல்வேன். பிசகு எங்கள் பக்கம். ராசு திருப்ப வேண்டிய நேரத்தில் திருப்பவில்லை. அவன் கை ஸ்டியரிங்கில் இருந்தது. கண் பஸ்ஸின் மேல் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மூளை என்று ஒன்று வேண்டுமே, அது சாராயத்தில் மிதந்துகொண்டிருந்தது.

வலது பக்க மாட்டின் வயிற்றில் பம்பர் ஏறியது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். கண்ணாடியில் ரத்தம் வாளியால் ஊற்றியது போல அடித்தது. அதன் பிறகு ராசுவுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் ஒடித்தான். வண்டி கரையை விட்டு இறங்கியது. என் பக்கத்துக் கதவு பிய்ந்து போனது. நான் வெளியே பறந்தேன். கருவேல முள்ளில் விழுந்து எழுந்தபோது, லாரி இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சக்கரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. காலையில் வைத்த கிடாய் ரத்தமும் குங்குமமும் அந்தச் சக்கரங்களில் அப்படியே இருந்தன.

முத்து பாதி வெளியே கிடந்தான். இடுப்புக்குக் கீழே வண்டிக்கு அடியில். "அப்பா, கால் எங்கப்பா?" என்று கேட்டான். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தெம்பு வந்திருக்கும்.

வலது பக்கக் கதவு வானத்தைப் பார்த்து இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு ராசு ஏறி வந்தான். நெற்றி பிளந்து மூக்கு வழியே ரத்தம் ஒழுகியது. கவிழ்ந்த வண்டிமேல் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். "அத்தான், பஸ்ஸை முந்திட்டமா?" என்றான்.

பிள்ளைகளே, பயங்கரம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால் இந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன். ஏனென்றால் அவன் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கண்மாய் மடைக்கல்லில், அவன் மகன் சேகர் கிடந்தான். பின்னாலிருந்து எறியப்பட்டு அந்தக் கருங்கல்லில் தலை மோதிவிட்டது. உயிர் அப்போதே போய்விட்டது. மற்றப் பையன்கள் கரைச் சரிவில் உருண்டு சிராய்ப்போடு தப்பினார்கள். பெற்றவன் பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறான்.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். வைக்கோல் வண்டிக்காரர் பக்கத்து ஊர்க்காரர், பெயர் சவரிமுத்து. அவர் ஊர் கரைக்கு அடுத்தே இருக்கிறது. வயலில் எருக் கொட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியோடும் கம்போடும் ஓடி வந்தார்கள். குடல் சரிந்த மாடு எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து விழுந்தது. அதைக் கண்டவனுக்கு வெறி வராமல் இருக்குமா? ராசுவை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டார்கள். ஒருவன் அவன் வாயை மோந்து, "சாராயம்டா!" என்று கத்தினான். அவ்வளவுதான். கம்பு, கல், செருப்பு, கையில் கிடைத்த எல்லாம் அவன் மேல் விழுந்தது. அவன் கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் விடுவேனா? கல் உடைத்த கை இது. முதலில் வந்தவனைத் தூக்கி முள்ளில் எறிந்தேன். அடுத்தவனின் தாடையில் குத்தினேன், அவன் உட்கார்ந்துவிட்டான். "எம்மகன் உள்ள கெடக்கான்டா, தூக்குங்கடா!" என்று கத்தினேன். அந்தக் கூச்சலில் எவன் காதில் விழும்? பின்னாலிருந்து எவனோ நுகத்தடியின் முளைக்குச்சியால் என் வாயில் அடித்தான். முன்பல் போனது. இன்றைக்கும் நான் சிரித்தால் அந்த ஓட்டை தெரியும். விழுந்தேன். நாலு பேர் ஏறி உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் சவரிமுத்துவின் தம்பி வைக்கோலை முறுக்கித் தீ வைத்தான். வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன் அவன். உள்ளே ஆள் கிடப்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் மகனின் சட்டையில் பெட்ரோல் சொட்டுவதும் தெரியும்.

ஆயுசில் முதல் தடவையாக என் கை எதற்கும் உதவவில்லை. என் குரல் உதவவில்லை. மண்ணைத் தின்றுகொண்டே கருப்பரைக் கூப்பிட்டேன். அழகாகக் கூப்பிடத் தெரியாது எனக்கு. சண்டை போடுகிற மாதிரிதான் கூப்பிட்டேன்.

"கருப்பா! ஒன் மிச்சத்தைக் குடிச்சவன் கையில புள்ளைகளைக் குடுத்தோம். நீ ஓட்டுவேன்னு நம்பிக் குடுத்தோம். எம்மகனை எடுத்துக் குடுத்துரு. இனிமே ஒன் வாசல்ல ஒரு சொட்டுச் சாராயம் ஊத்த விடமாட்டேன். அதுக்கு ஒனக்குக் கோவம் வந்தா என்னை அடி. அவனை விட்டுரு."

இதுதான் என் பிரார்த்தனை. சாமியிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசினேன்.

கண்ணைத் திறந்தேன். கூட்டம் விலகியது. சவரிமுத்து எழுந்து வந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி முழுவதும் ரத்தம், மாட்டு ரத்தமும் அவர் ரத்தமும். காறை எலும்பு முறிந்து ஒரு கை தொங்கியது. இன்னொரு கையில் அருவாள். எவனோ ஒருவனின் இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறார். "வெட்டுண்ணே!" என்று அவர் ஊர்ப் பையன்கள் கத்தினார்கள். அவர் லாரியைப் பார்த்தே நடந்தார். முத்துவைப் பார்த்துவிட்டார். நான் நினைத்தேன், முடிந்தது, என் மாட்டுக்கு உன் மகன் என்று வெட்டப்போகிறார்.

அவர் முத்துவைத் தாண்டிப் போனார். செத்துக்கொண்டிருந்த மாட்டோடு சிக்கிக் கிடந்த இன்னொரு மாட்டின் கழுத்தில் இருந்த பூட்டாங்கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினார். மாடு எழுந்து நின்றது.

"அணைடா அதை" என்றார் தம்பியிடம்.

"அண்ணே, ஒன் மாட்டைக் கொன்னுட்டானுவண்ணே!"

"மாடு போச்சு. உள்ள கெடக்குறது மாடு இல்லடா. இங்கிட்டு வந்து பாரு."

தம்பி எட்டிப் பார்த்தான். முத்துவின் முகத்தைப் பார்த்தான். கையில் எரிந்த பிரியைக் கண்மாய்க்குள் தூர எறிந்துவிட்டு, ஓடிப்போய் மண் அள்ளிப் போட்டு மிதித்தான். தன் உள்ளங்கை வெந்திருப்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"கயிறு இருக்கா?" என்று சவரிமுத்து என்னைப் பார்த்துக் கேட்டார். லாரியில் லோடு கட்டுகிற கயிறு இருந்தது. என் முதுகில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். கயிற்றைச் சட்டத்தில் கட்டி, மறுநுனியை அந்த மாட்டுக்கும் ஆட்களுக்கும் கொடுத்தோம். உடைந்த வண்டியின் ஏர்க்காலை எடுத்து நான் அடியில் கொடுத்து நெம்பினேன். என்னை அடித்தவன் என் தோளோடு தோள் கொடுத்து நெம்பினான். கொளுத்த வந்தவர்கள்தான் இழுத்தார்கள். பக்கத்து மாடு செத்துக் கிடக்க, அந்த ஒற்றை மாடு முட்டி மண்ணில் உரச இழுத்தது. லாரி ஒரு முழம் எழும்பியது. சவரிமுத்து ஒற்றைக் கையால் முத்துவின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். சட்டத்தில் கட்டிய கயிறு அறுந்து லாரி திரும்பவும் தொப்பென்று விழுந்தது. கொஞ்சம் முன்னால் அறுந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கருப்பர் எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளை வேட்டி, கையில் அருவாள், ரத்தம். நான் அந்த மனிதரின் காலில் விழுந்தேன். யார் காலிலும் விழுந்து பழக்கமில்லாதவன் நான். அவர் பதறி விலகினார். அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை ஆடியது.

அப்புறம் ரொம்ப நாள் கழித்து, "என் கருப்பர்தான் ஒங்க உருவத்துல வந்தாரு" என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்க ஒங்க சாமியைக் கூப்பிட்டீங்க. நான் மாதாவைத்தானய்யா கூப்பிட்டேன், கோவத்துல யாரையும் வெட்டிரக் கூடாதுன்னு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க போல" என்றார். நான் அதை ஒத்துக்கொள்கிறேன். பெரியவர்கள் பேசி முடித்ததில் நாம் என்ன சொல்ல இருக்கிறது?

முத்து பிழைத்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். என் மனைவி செல்லம்மா ஒரு கட்டிலில் மகனுக்குக் கஞ்சி ஊட்டுவாள். இன்னொரு கட்டிலில் போலீஸ் காவலோடு கிடந்த தம்பிக்கும் அவள்தான் ஊட்டுவாள். ராசுவுக்குப் போதை தெளிந்தது மறுநாள் காலையில். "சேகர் எங்கக்கா?" என்று கேட்டான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவன் முறிந்த கையாலேயே தன் முகத்தில் அடித்துக்கொண்டான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

ராசு ஜெயிலுக்குப் போனான்.

சாமியிடம் சொன்ன சொல் இருக்கிறதே, அதை நிறைவேற்றுவது லாரியைத் தூக்குவதைவிடக் கஷ்டம். அடுத்த ஆடியில் படையல் பானைக்கு முன்னால் போய் நின்றேன். "இந்த வருசத்துல இருந்து சாராயம் கெடையாது" என்றேன்.

பூசாரி குதித்தார். "கருப்பருக்குச் சாராயம் இல்லாம படையலா? ஊரு அழிஞ்சிரும்! லாரி வச்சிருந்தா சாமிக்கே சட்டம் போடுவீகளோ?"

"நானும் சாமியும் பேசியாச்சு. நடுவுல நீ யாரு?"

கைகலப்பாகிவிட்டது. பங்காளிகளே என் மேல் கம்பை ஓங்கினார்கள். எனக்கும் மண்டை உடைந்தது, நானும் ஒன்றிரண்டு மண்டையை உடைத்தேன். அந்த வருசம் சாராயப் படையல் நடக்கத்தான் செய்தது. மழை கொஞ்சம் தள்ளிப்போனது. அதற்கும் என்னைத்தான் சொன்னார்கள். என் லாரிக் கொட்டகை வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். அதற்கடுத்த ஆடியிலும் போய் நின்றேன். அடி வாங்கினேன். நான் பிடித்தால் விடாதவன் என்று கருப்பருக்குத் தெரியும், ஊருக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாவது ஆடிக்கு ராசு ஜெயிலிலிருந்து வந்துவிட்டான். மொட்டைத் தலை, கோணிப்போன கை. அவன் வந்ததை எவனும் விரும்பவில்லை. நேராகப் பூசாரியிடம் போனான். ரொம்ப மெதுவாகப் பேசினான். அதனாலேயே எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"பூசாரி, இதுல போதை இல்லைன்னீங்க."

"சாமி மிச்சம்டா. அப்பன் பாட்டன் காலத்து..."

"சரி. நீங்க ஒரு செம்பு குடிங்க. எனக்கு ஒரு செம்பு குடுங்க. அத்தானோட லாரி வெளிய நிக்குது. நான் ஓட்டுறேன். ஒங்க பேரனை நமக்கு நடுவுல ஒக்கார வப்போம். கண்மாய்க்கரை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம். வாங்க."

பூசாரியின் பேரன் அங்கேதான் நின்றான், அரும்பு மீசைப் பையன். பூசாரி அவனைப் பார்த்தார். ராசுவின் கையைப் பார்த்தார். கருப்பர் சிலையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறகு அவர் கையே பானையைச் சாய்த்தது. சாராயம் மண்ணில் ஓடி என் செருப்பை நனைத்தது. இடி விழவில்லை. மண் பிளக்கவில்லை. ஆலமரத்தில் கட்டிய மணிகூட ஆடவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கருப்பருக்கு இளநீர்ப் படையல்தான். காய்களைக் கொண்டுவருவது யார் தெரியுமா? சவரிமுத்து. ஆடி வெள்ளிக்கு அவர் மாட்டு வண்டியில்தான் இளநீர் வரும். கோயிலுக்குள் வரமாட்டார். வெளியே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஒங்க சாமிக்குக் காய் சீவத் தெரியுமாய்யா, இல்ல நான் சீவவா?" என்று கேலி பேசுவார். அவருக்கு மட்டும் அப்படிப் பேச அனுமதி உண்டு.

இப்போது என்னிடம் ஓடும் வண்டிகளை நீங்கள் ரோட்டில் பார்த்திருப்பீர்கள். கணக்குச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். சொல்லவில்லை. என் கொட்டகைக்கு வண்டி கற்க வரும் பையன்களுக்கு நான் முதலில் ஸ்டியரிங்கைக் காட்டுவதில்லை. காலி லாரியின் முன்னால் நிறுத்தி, "தூக்கு பாப்போம்" என்பேன். சிரிப்பார்கள். "எல்லாரும் சேந்து தூக்குங்கடா" என்பேன். முக்கி முனகுவார்கள். ஸ்பிரிங் கொஞ்சம் நெகிழும், சக்கரம் மண்ணை விட்டு எழும்பாது. அப்போது முத்து கட்டைக் காலோடு வந்து நிற்பான். "இதுக்கு அடியிலதான் நான் கெடந்தேன். ஒங்களை மாதிரி ஆளுக தூக்கப் பாத்தாக" என்பான். சிரிப்பு நின்றுவிடும்.

போன மாசம் ஒருவன் வந்தான். பதினெட்டு வயசு, தலையில் எண்ணெய் வழிகிறது. "மாமா, ஒரு கிளாஸ் போட்டாத்தான் எனக்குக் கை நடுங்காது. அளவோட போடுவேன்" என்றான். ஒரு அறை விட்டேன். கன்னத்தில் விரல் பதிந்தது. அறை போதாது என்று எனக்குத் தெரியும். ராசுவிடம் அனுப்பினேன்.

ராசு துண்டையும் வாளியையும் எடுத்துக்கொண்டான். அவனைக் கண்மாய் மடைக்குக் கூட்டிப் போனான். அந்தக் கருங்கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். மாசத்துக்கு ஒருமுறை கழுவுகிறான், ஊருக்கே தெரியும். கழுவி முடித்து, துண்டால் துடைத்துவிட்டு, "ஒக்காருப்பா. இதுல ஒக்காந்து அளவு எவ்வளவுன்னு சொல்லு" என்றான். பையன் உட்காரவில்லை. நின்றபடியே அழுதான் என்று முத்து வந்து சொன்னான். அவன் இப்போது என் வண்டியில்தான் இருக்கிறான். நன்றாக ஓட்டுகிறான்.

ஒரு விஷயத்தை மறைத்தால் இது சாட்சி ஆகாது. ஒரு நாள் ராசு என்னிடம் கேட்டான். "அத்தான், ஒங்க மகனைக் குடுத்த சாமி எம்மகனை ஏன் குடுக்கல?" எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். படித்தவனுக்குக்கூடப் பதில் சொல்வேன். இதற்கு அவன் தோளில் கை போடத்தான் முடிந்தது. அவன் கையைத் தட்டிவிடவில்லை. கருப்பரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் ராசுவை அவர் சும்மா வைத்திருக்கவில்லை. அதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

ஆடி வெள்ளிக்கு எங்கள் கோயிலுக்கு வாருங்கள். புது வண்டியானாலும் பழைய வண்டியானாலும் கொண்டுவாருங்கள். உங்கள் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். கிடாயை வெட்டட்டும், எலுமிச்சம்பழத்தை நசுக்கட்டும். வண்டியை ஓட்டப்போகிறவன் கோயில் வாசலில் நிற்க வேண்டும். அங்கே கோணிப்போன கையில் இளநீரோடு ஒருவன் இருப்பான். இந்தச் சீமையில் எவனும் ஒரு மாட்டு வண்டியைக்கூட நம்பிக் கொடுக்காத ஆள். கருப்பர் அவனைத்தான் வாசலில் நிறுத்தியிருக்கிறார். டிரைவர் யாரானாலும், என்னையே ஆனாலும், முகத்துக்கு நேரே முகம் வைத்து அவன் ஒரு வார்த்தைதான் சொல்வான்.

"ஊது."

ஊதி, வாயில் சாராய வாடை இல்லை என்றால்தான் இளநீர். இளநீர் குடித்த பிறகுதான், முன்னால் மாட்டிச் சுற்றி வண்டியைக் கிளப்பும் ஹேண்டில் டிரைவர் கைக்குப் போகும். நம்பி வாருங்கள். நீங்களும் உங்கள் வீட்டில் அப்படியே செய்யுங்கள். என்னைக் காத்த கருப்பர் உங்கள் பிள்ளைகளையும் காப்பார். வண்டியை நாம் தெளிவாக ஓட்டுவோம், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.